கிரேஸ் ஜோன்ஸ் அப்படி நின்றது உண்மையா?

பாடகி கிரேஸ் ஜோன்ஸ் ஒற்றைக் காலில் நின்று, மறு காலைப் பின்னால் தூக்கி நீட்டி, கையில் மைக்குடன் இருக்கும் படம் அடிக்கடி சுற்றுக்கு வருகிறது. "எந்த டிரிக்கும் இல்லை, ஒரே கிளிக்கில் எடுத்தது, உடற்பயிற்சியின் பலன்" என்று கூடவே ஒரு வரியும்.

தவறு. படத்தை உருவாக்கியவர் பிரெஞ்சுக் கலைஞர் ஜான்-பால் கூட். கிரேஸைப் பல நிலைகளில் தனித்தனியாகப் படமெடுத்து, பிலிம்களை வெட்டி, கை கால்களைக் கொஞ்சம் நீட்டி ஒட்டினார். ஒட்டுத் தெரியாதபடி மேலே வண்ணமும் பூசினார். மார்பு நம்மைப் பார்க்க, இடுப்பும் காலும் பக்கவாட்டில் திரும்பியிருப்பதைக் கவனியுங்கள். எந்த உடம்பும் அப்படி வளையாது.

எதிர்த்தரப்பு "போட்டோஷாப் வேலை" என்கிறது. அதுவும் சரியில்லை. படம் 1978-இல் உருவானது. போட்டோஷாப் விற்பனைக்கு வந்ததே 1990-இல். முழுக்கக் கத்தரிக்கோல், பசை, தூரிகை வேலை!

1985-இல் வெளிவந்த 'ஐலண்ட் லைஃப்' என்ற தொகுப்பின் அட்டையில் வந்த பிறகே படம் உலகப் புகழ் பெற்றது. அது புதிய ஆல்பம் அல்ல. 1977-இன் டிஸ்கோ பாடல்கள் தொடங்கி, பஹாமாஸில் பதிவான நியூ வேவ், ரெகே பாணிப் பாடல்கள் வழியாக, 'ஸ்லேவ் டு த ரிதம்' வரை பத்துப் பாடல்கள். அட்டையைப் பார்த்ததோடு நிற்காமல், பாடல்களையும் கேட்டுப் பாருங்கள்.