மூன்றாம் வாரத்தில் உறுதி எண் இறங்கினால் பல் இம்பிளாண்ட் போய்விட்டது என்று அர்த்தமில்லை

பல் இம்பிளாண்ட் (தாடை எலும்பில் திருகும் செயற்கைப் பல்வேர்) வைத்த மூன்றாம் வாரத்தில் அதன் உறுதி எண் (எலும்பில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்று கருவியால் அளக்கும் ISQ) இறங்கிவிட்டதே என்று ஓர் அக்கா இங்கே கேட்டிருந்தார். அதற்கு, "எண் 74லிருந்து 66க்கு இறங்கிவிட்டது, எலும்பு ஏற்கவில்லை, உடனே கழற்றிவிடுங்கள்" என்று மேலே ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். அது தவறு. அக்கா, தயவுசெய்து அவசரப்படாதீர்கள். டர்பனில் பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கிறேன். இதே பயத்தோடு இங்குள்ள சாட்ஸ்வர்த் பகுதியிலிருந்து வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முதல் நாள் உறுதி என்பது மரத்தில் இறங்கிய திருகாணியின் பிடிப்பு மாதிரிதான். அதன்பின் உடம்பு அங்கே நசுங்கிய பழைய எலும்பைக் கரைத்துப் புது எலும்பை வளர்க்கிறது. பழையது போய், புதியது இன்னும் கெட்டிப்படாத கட்டம் சுமார் 3, 4 வாரங்களில் வரும். அப்போது எண் சற்று இறங்குவது இயல்பு, பிறகு ஏறும். 1 முதல் 100 வரையான அந்த அளவில் 66 மோசமே இல்லை. தொடர்ந்து இறங்கினால், ஆடினால், சீழ் வந்தால் மட்டும் தாமதிக்காமல் போங்கள்.

ஈறோரத் திரவத்தில் ஆஸ்டியோகால்சின் (எலும்பு உருவாகும்போது வரும் புரதம்), ரான்க்-எல் (எலும்புக் கரைப்பைத் தூண்டும் புரதம்) பார்த்தால் "நிச்சயம் தெரிந்துவிடும்" என்று அந்த அண்ணன் சொன்னதும் மிகை. ஈறு நோயும் ரான்க்-எல்லை உயர்த்தலாம். அதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது.

இப்போதைக்கு அந்தப் பக்கம் கடிக்க வேண்டாம். பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து உள்ளே கறி நிரப்பும் டர்பன் உணவு) ஆசை வந்தால் உள்ளிருக்கும் மெத்து ரொட்டியும் பீன்ஸும் போதும்.