கேபிள் அறுந்தாலும் பக்கத்துத் தீவுக்கு மணி அடிக்கணும்

அக்கா மகன் இன்ஜினியரிங் படிக்கிறான். கடம்பத் தீவுகள் என்று ஒரு கற்பனை நாட்டை உருவாக்கி, வரைபடம், கொடி, நாணயம் எல்லாம் போட்டு முடித்துவிட்டு இப்போது தேசியத் தொலைபேசி அமைப்புக்கு வந்திருக்கிறான். நாலு தீவு, 12 லட்சம் ஜனங்கள், பழைய செம்புக் கம்பி ஒரு மீட்டர்கூடக் கிடையாது, எல்லாமே இணையம் வழிதான். நான் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவன் என்பதால் திட்டத்தை எனக்கு அனுப்பினான். படித்ததிலிருந்து அதுவே மனசில் ஓடுகிறது. நாடு கற்பனைதான், ஆனால் அதில் இருந்த தப்பை நிஜ நாடுகளும் செய்துகொண்டிருக்கின்றன.

சந்தாதாரர் பட்டியல், அழைப்பை இணைக்கும் மென்பொருள், எந்த எண் எந்த நிறுவனத்திடம் இருக்கிறது என்று சொல்லும் தரவுத்தளம், மூன்றையும் வெளிநாட்டு கிளவுடில் வைத்திருந்தான். "செலவு கம்மி மாமா, பராமரிப்பையும் அவங்களே பார்த்துப்பாங்க" என்கிறான். சரி, கடலடி கேபிள் அறுந்தால்? 2022 ஜனவரி 15 அன்று டோங்காவில் எரிமலை வெடித்தபோது அந்த நாட்டை வெளியுலகத்தோடு இணைத்த ஒரே கடலடி கேபிள் அறுந்தது. கப்பல் வந்து பழுது பார்த்து இணைப்பு திரும்ப ஐந்து வாரம் ஆனது. தீவுகளுக்கு இடையில் போன உள்நாட்டு கேபிளும் அடிபட்டது, அது சரியாக ஒரு வருஷத்துக்கும் மேல் ஆனது. இவன் திட்டப்படி கடம்பத் தீவுகளில் அப்படி ஒன்று நடந்தால், ஒரே தெருவில் எதிரெதிர் வீட்டில் இருக்கிற இரண்டு பேர்கூடப் போனில் பேச முடியாது. அந்த அழைப்பை இணைக்க வேண்டிய கணினி கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறதே!

ஆகவே திட்டத்தின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டியது, வெளியுலகத் தொடர்பு மொத்தமாகப் போன நாளிலும் உள்நாட்டு அழைப்பு போக வேண்டும் என்பதுதான். ஒரு தீவு தனியாகத் துண்டிக்கப்பட்டாலும் அந்தத் தீவுக்குள்ளான அழைப்பு போக வேண்டும். அதற்கு ஒவ்வொரு தீவிலும் சிறியதாக ஒரு இணைப்பகமும், அந்த எண் தரவுத்தளத்தின் ஒரு பிரதியும் இருக்கணும். பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ், நேரம் காட்டும் கடிகாரம், டிஜிட்டல் சான்றிதழைச் சரிபார்க்கும் வழி, இதெல்லாம்கூட உள்ளூரில் வேண்டும். இதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். இணைப்பக சர்வர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் அது யாரிடமோ வெளிநாட்டில் போய் நேரம் கேட்டுக்கொண்டு நிற்கும்.

செலவு ஆகும், பேண்ட்வித் போதாது என்று பயமுறுத்துபவர்களுக்கு ஒரு கணக்கு. பழைய டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சில் ஒரு குரலை நொடிக்கு 8000 தடவை அளப்போம், ஒவ்வொரு அளவுக்கும் 8 பிட், ஆக நொடிக்கு 64 கிலோபிட். இணையத்தில் ஒவ்வொரு பொட்டலத்தின் தலையிலும் ஒட்டும் முகவரி விவரங்களின் சுமையையும் சேர்த்து 100 கிலோபிட் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். நாடு முழுக்க ஒரே நேரத்தில் ஒரு லட்சம் அழைப்பு ஓடினாலும் ஒரு திசைக்கு 10 கிகாபிட்தான். ஒரு ஜோடி ஃபைபர் இழைக்கு அது ஒன்றுமே இல்லை. இந்தியாவில் 2016 செப்டம்பரில் ஜியோ 2ஜி, 3ஜி எதுவும் இல்லாமல் 4ஜியில் மட்டுமே, குரலையும் இணையப் பொட்டலமாகவே அனுப்பும் வலையமைப்பாக வந்து கோடிக்கணக்கான பேரைப் பேச வைத்துக் காட்டிவிட்டது. தொழில்நுட்பத்தில் சந்தேகமே இல்லை, எங்கே வைக்கிறோம், யார் கையில் இருக்கிறது என்பதில்தான் சிக்கல்.

அடுத்தது மின்சாரம். எக்ஸ்சேஞ்சின் பேட்டரி ரூமுக்குள் போனவர்களுக்குத் தெரியும். வரிசையாக 24 செல், ஒவ்வொன்றும் 2 வோல்ட், மொத்தம் 48. ஆசிட் வாடை மூக்கில் ஏறும். ஹைட்ரோமீட்டரை விட்டு ஒவ்வொரு செல்லிலும் அடர்த்தி பார்த்து நோட்டில் எழுத வேண்டும், தண்ணீர் மட்டம் குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். அந்த 48 வோல்ட்தான் செம்புக் கம்பி வழியாகவே வீடு வரை போய் போனுக்கு உயிர் கொடுத்தது. ஊர் முழுக்க கரண்ட் போனாலும் ரிசீவரைத் தூக்கினால் டயல் டோன் கேட்கும். ஃபைபரில் வெளிச்சம்தான் போகும், மின்சாரம் போகாது. வீட்டில் கரண்ட் போனால் மோடம் அணைந்துவிடும், போனும் அதோடு சரி.

பிரிட்டன் இதில் நன்றாகவே சூடுபட்டது. பழைய செம்புத் தொலைபேசியை 2025 டிசம்பரில் மூடிவிடுவதாக இருந்தார்கள். தனியாக வசிக்கும் வயதானவர்கள் கழுத்தில் மாட்டியிருக்கும் அவசரப் பொத்தான்கள் புதிய இணைப்புக்கு மாறிய பிறகு வேலை செய்யாமல் போன சம்பவங்கள் வெளியே வந்ததும், கெடுவை 2027 ஜனவரிக்குத் தள்ளிவைத்தார்கள். மின்வெட்டின்போது குறைந்தது ஒரு மணி நேரமாவது அவசர அழைப்பு போக வழி இருக்க வேண்டும் என்பது அங்கே ஒழுங்குமுறை அமைப்பின் விதி. ஒரு மணி நேரம் எந்த மூலைக்குப் போதும்? புயல் அடித்த ஊரில் கரண்ட் எத்தனை நாள் கழித்து வரும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. கஜா வந்துபோன பிறகு டெல்டாவில் இருந்தவர்களைக் கேளுங்கள்.

வீட்டு ஃபைபர் இணைப்பில் நடுவழியில் வெளிச்சத்தைப் பல வீடுகளுக்குப் பிரித்துவிடும் பிரிப்பான்களுக்கு மின்சாரமே வேண்டாம், இரண்டு முனைக்கும் கொடுத்தால் போதும். வீட்டுப் பெட்டி 10 வாட் எடுக்கிறது என்று வைத்தால், 8 மணி நேரத்துக்கு 80 வாட்-மணி. கையில் தூக்கக்கூடிய லித்தியம் பேட்டரிதான் அது. புது இணைப்பு கொடுக்கும்போதே அதையும் சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும், வேண்டுமானால் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால் யாரும் வாங்க மாட்டார்கள்.

எண் திட்டத்தில் பையன் நன்றாகவே செய்திருக்கிறான். எல்லோருக்கும் 8 இலக்கம், ஊர்க் குறியீடு கிடையாது, 9-இல் தொடங்கும் எண்கள் முழுவதும் எதிர்காலத்துக்கு. லண்டன் 1990, 1995, 2000 என்று பத்து வருஷத்தில் மூன்று முறை குறியீட்டை மாற்றியதைப் படித்திருக்கிறான். நான் சேர்க்கச் சொன்னது, மின்மீட்டர் போன்ற இயந்திரங்களுக்குத் தனி வரிசை, இந்தியாவில் 13 இலக்கம் கொடுத்த மாதிரி.

அடுத்தவர் எண்ணைக் காட்டி அழைக்கும் போலி எண் விஷயத்தில் புது நாட்டுக்கு ஒரு பெரிய அதிர்ஷ்டம் உண்டு. அழைப்பவர் எண்ணுக்கு அவருடைய நிறுவனமே டிஜிட்டல் கையெழுத்துப் போடும் முறையை அமெரிக்கா 2021 ஜூன் 30 முதல் பெரிய நிறுவனங்களுக்குக் கட்டாயமாக்கியது. ஆனால் வழியில் பழைய எக்ஸ்சேஞ்ச் ஒன்று குறுக்கே வந்தால் கையெழுத்து உதிர்ந்துவிடும். கடம்பத் தீவுகளில் பழையது எதுவுமே இல்லை, அதனால் முதல் நாளிலிருந்தே கையெழுத்து இல்லாத உள்நாட்டு அழைப்பை இணைக்கவே கூடாது. வெளிநாட்டிலிருந்து உள்நாட்டு எண்ணோடு வரும் அழைப்பு? அந்த எண்காரர் உண்மையிலேயே ரோமிங்கில் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டு விடு, இல்லையென்றால் வாசலிலேயே நிறுத்து. ஓடிபி கேட்டு ஏமாற்றுகிறவனிடம் ஓய்வூதியப் பணத்தை இழந்தவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள், அதனால் இதில் எனக்குப் பொறுமை கிடையாது.

"வாட்ஸ்அப் இருக்கும்போது இதெல்லாம் எதுக்கு மாமா?" என்று அவன் நண்பன் ஒருவன் கேட்டான். வாட்ஸ்அப்பில் 112-ஐ அழைக்க முடியாது தம்பி. 2021 அக்டோபர் 4 அன்று முகநூலும் வாட்ஸ்அப்பும் உலகம் முழுக்க ஏறத்தாழ ஆறு மணி நேரம் படுத்துக் கிடந்தன. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளையில் வந்த வினை அது.

இதே வினை தொலைபேசி நிறுவனங்களுக்கும் வரும். கனடாவில் 2022 ஜூலை 8 அன்று ரோஜர்ஸ் வலையமைப்பு மொத்தமாக விழுந்தது, ஒரு கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள். மேம்பாட்டு வேலையின்போது வழித் தகவல்களை வடிகட்டும் ஒரு மென்பொருள் அமைப்பை எடுத்துவிட்டார்கள், மையத்தில் இருந்த ரவுட்டர்கள் தகவல் வெள்ளத்தில் மூழ்கின. கொடுமை என்னவென்றால் டவர்கள் சிக்னலை மட்டும் விட்டுக்கொண்டே இருந்தன. போன்கள் அந்த சிக்னலை நம்பி அதிலேயே ஒட்டிக்கொண்டதால் பலருடைய 911 அவசர அழைப்பு அடுத்த நிறுவனத்துக்குத் தாவவே இல்லை. பழுது பார்க்க வேண்டிய ஊழியர்களின் தொடர்பும் அதே வலையமைப்பில்தான் இருந்தது. அடுத்த வருஷம் நவம்பரில் ஆஸ்திரேலியாவின் ஆப்டஸ் விழுந்தபோது அங்கே அவசர எண்ணான 000-ஐ அழைத்த 2,145 பேருக்கு இணைப்பு கிடைக்கவில்லை. இதை வெறும் எண்ணாகப் படித்துவிட்டுப் போகாதீர்கள். வீட்டில் யாரோ மயங்கி விழுந்திருக்க, கையில் போனை வைத்துக்கொண்டு நின்றவர்கள் அதில் எத்தனை பேரோ.

அதனால் சட்டத்திலேயே எழுதச் சொல்லியிருக்கிறேன்: மையம் செத்தால் டவர் தானாக வாய் மூட வேண்டும், அப்போதுதான் போன் வேறு டவரைத் தேடும். பழுது பார்ப்பவர்களுக்குத் தனி வழி. வருஷத்துக்கு ஒரு முறை, ஞாயிறு விடியற்காலை, முன்கூட்டியே அறிவித்துவிட்டு, வெளிநாட்டு கேபிளை ஒழுங்குமுறை ஆணையமே ஒரு மணி நேரம் துண்டிக்க வேண்டும். நாலு தீவிலிருந்தும் 112-க்கும், ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்கும் அழைத்துப் பார்க்க வேண்டும். போகாத அழைப்புகளின் பட்டியலை, நிறுவனத்தின் பெயரோடு, அன்றைக்குச் சாயங்காலமே வெளியிட வேண்டும்.