ஊசி எழுதியவர் பழைய சீட்டைக் கேட்கவே இல்லை

போன மாதம் ஒருநாள் விடிகாலை நாலு மணிக்குச் சித்தப்பா போன் செய்தார். "சித்திக்கு வேர்த்துக் கொட்டுது, என்னவோ உளறுறா, சீக்கிரம் வா." இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. ஓடினேன். தலையணை தெப்பலாக நனைந்திருந்தது, கை நடுங்கியது. விரலில் குத்திப் பார்த்தால் மீட்டரில் சர்க்கரை வெறும் 48. மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து, வாய் வாயாகக் குடிக்க வைத்தோம். கால் மணி நேரத்தில் 81. அப்புறம்தான் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

சித்திக்குப் பன்னிரண்டு வருடமாகச் சுகர். மெட்ஃபார்மினும் கிளைமிபிரைடும் சேர்ந்த மாத்திரை, காலையும் இரவும். அதோடு எடை குறையவும் உதவும் என்று, வாரம் ஒருமுறை போடும் ஊசியும் ஒன்றரை மாதமாகச் சேர்ந்திருக்கிறது. நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று கிளைமிபிரைடு பார்க்காது, கணையத்தை இன்சுலின் சுரக்க வைத்துவிடும். ஊசியோ பசியையே அடக்கிவிடும். அன்றிரவு சித்தி அரை தோசையோடு எழுந்துவிட்டார், மாத்திரையை மட்டும் மறக்கவில்லை. இப்படிச் சேர்த்துக் கொடுத்தால் சர்க்கரை தாழ்ந்துபோகலாம், பழைய மாத்திரையின் அளவைக் குறைக்க வேண்டிவரலாம் என்று ஊசியோடு வரும் தாளிலேயே இருக்கிறது. எழுதிக் கொடுத்தவர் பழைய சீட்டைக் கேட்கவே இல்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

இந்த மருந்துகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்த ஊசி வகையில் ஒன்றான செமக்ளுடைடு மாரடைப்பு அபாயத்தைக் குறைப்பது பெரிய ஆய்வுகளில் தெரிந்த விஷயம். ஆனால் 2025இல் மவுஞ்சாரோ, வெகோவி (இதில் இருப்பது செமக்ளுடைடு) என்ற ஊசிகள் இந்தியாவுக்கு வந்த பிறகு, "கல்யாணத்துக்குள்ள பத்துக் கிலோ குறைக்கணும்" என்று கேட்பவர்களைப் பார்க்கிறேன். கல்யாணப் பெண்ணிடம் யாராவது சொல்கிறார்களா? கர்ப்பத்துக்குத் திட்டமிட்டால் செமக்ளுடைடை இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். மவுஞ்சாரோவில் இருக்கும் டிர்செபடைடு, கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைத்துவிடக்கூடும். வீட்டில் யாருக்காவது மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்திருந்தால் இந்த ஊசிகளைத் தொடவே கூடாது.

ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் இந்த ஊசி போட்டுக்கொள்வதை மயக்க மருந்து டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும் என்பதால், பட்டினி கிடந்தும் உள்ளே சாப்பாடு தங்கியிருக்கலாம். மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. இந்த ஊசி போடுபவர்களுக்கு மேல்வயிற்றில் தொடங்கி முதுகுவரை பாயும் வலி விடாமல் இருந்தால், கேஸ் என்று ஓம வாட்டர் குடித்துக்கொண்டு உட்காராதீர்கள். கணைய அழற்சியாக இருக்கலாம்.

ஆன்லைனில் மலிவாகக் கிடைப்பதையும் நம்ப வேண்டாம். செமக்ளுடைடு ஊசியான ஓசெம்பிக்கின் போலிகளைப் பற்றி உலகச் சுகாதார நிறுவனமே 2024 ஜூனில் எச்சரித்தது.

சித்தி ஊசியை விடவில்லை. வேறொரு டாக்டர் கிளைமிபிரைடை நிறுத்திவிட்டார், நேற்றுக் காலை வெறும் வயிற்றில் 118. உங்கள் வீட்டிலும் கிளைமிபிரைடு, அதே வகை மாத்திரையான கிளிக்ளசைடு அல்லது இன்சுலினோடு இந்த ஊசியும் போடுபவர் இருந்தால், நீங்களாக எதையும் நிறுத்தாமல், எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு இந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள்.