மறித்தது தப்பில்லை

கன்னியாகுமரி பக்கத்து வட்டக்கோட்டை வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கோட்டைச் சுவரில் பெயின்டால் பெயர் எழுத வந்த தம்பியை எங்கள் பகுதிப் பையன்கள் மறித்ததுதான் இப்போது பெரிய குற்றமாகிவிட்டது. "இவனுங்க யாரு கேக்கதுக்கு" என்று ஆளாளுக்கு எழுதுகிறார்கள். மறித்தது தப்பில்லை. எத்தனை தடவை கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

1741-ல் குளச்சலில் டச்சுப் படை தோற்றபோது பிடிபட்ட டச்சு அதிகாரி டிலனாய், அப்புறம் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே தளபதியாகி, கருங்கல்லால் பலப்படுத்திய கோட்டை அது. சுவரில் பாண்டியர்களின் மீன் சின்னமும் இருக்கிறது. குளச்சலில் வெற்றித்தூண், உதயகிரிக் கோட்டைக்குள் லத்தீனும் தமிழும் பொறித்த டிலனாய் கல்லறை, இங்கே கடலோரம் கோட்டை. எல்லாம் வெயிலிலும் உப்புக்காற்றிலும் திறந்து கிடக்கும் மியூசியம். அக்கம்பக்கத்து ஆட்களின் கண்தான் அதற்குக் காவல்.

தொல்லியல் துறை இருக்கிறதே என்கிறார்கள். இருக்கிறது. 1958-ம் வருடச் சட்டமும் இருக்கிறது, சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 வருடம் வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆனால் ஒருத்தன் பெயின்ட் டப்பாவைத் திறக்கும் நேரத்தில் பக்கத்தில் நிற்பது யார்? எங்கள் பையன்கள்தானே? கல்லின் நுண்துளைக்குள் பெயின்ட் இறங்கிய பிறகு புகார் கொடுத்து என்ன செய்ய?

குரலை உயர்த்தாமல் சொல்லியிருக்கலாம், சரி. ஆனால் இதே பையன்கள் கோட்டைக்குள் கிடக்கும் பாட்டிலையும் பிளாஸ்டிக்கையும் பொறுக்கிச் சாக்கில் கட்டித் தூக்கிப் போனபோது ஒருவரும் வீடியோ எடுக்கவில்லையே, அது வலிக்காதா?

"யாரு கேக்கதுக்கு" என்ற வார்த்தை எனக்குப் புதிதில்லை. எங்கள் ஊர் விலக்கில் ஒரு சுமைதாங்கி நின்றது. வயிற்றுப்பிள்ளையோடு இறந்துபோன யாரோ ஒரு பெண்ணின் நினைவாக நட்ட கல். என் பாட்டி மீன் கடவப்பெட்டியை அதில் இறக்கிவைத்துக் கழுத்தை நிமிர்த்திவிட்டுத்தான் மேலே நடப்பாள். ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று ஜேசிபியை விட்டு அதை உடைத்தார்கள். ஓரமாக நகர்த்தி வைக்கலாமே என்று சொல்லப்போன அப்பாவிடமும் "நீரு யாரு கேக்கதுக்கு" என்றார்கள். அப்பா ஒன்றும் பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டார். அந்தக் கல்லைப் பற்றி அதற்குப் பிறகு வாயே திறந்ததில்லை.

பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவன் கேட்காமல் வேறு யார் கேட்பது?

சுற்றுலா கெட்டுவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வருகிறவர்களுக்கு டிலனாய் கதையைச் சொல்ல இந்தப் பையன்களுக்கே பயிற்சி கொடுங்கள், கோட்டையிலேயே வேலை போடுங்கள். இதைத்தான் மறைமுகமாகக் கேட்கிறாயா என்றால், மறைமுகமாக இல்லை, வெளிப்படையாகவே கேட்கிறேன். ஆமாம், மாதச் சம்பளத்தோடு.