உண்மை விளக்கம்: அது ரகசியமாக எடுத்த படம் இல்லை

ஹாலிவுட் நட்சத்திரங்கள் நீச்சல் குளத்திலும் விருந்திலும் பொழுது போக்கும் பழைய வீடியோ துண்டு ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. "அவர்களுக்கே தெரியாமல் ஒளித்து வைத்த கேமராவில் எடுத்தது, இதுவரை வெளிவராதது" என்கிறது கூடவே வரும் குறிப்பு. இரண்டுமே தவறு.

அது கொலம்பியா என்ற ஹாலிவுட் பட நிறுவனத்தின் 'ஸ்கிரீன் ஸ்நாப்ஷாட்ஸ்' வரிசையைச் சேர்ந்த குறும்படம். 1920-இல் தொடங்கி 1958 வரை வந்த வரிசை. ஒவ்வொன்றும் சுமார் 10 நிமிடம். தியேட்டரில் முக்கியப் படத்தோடு சேர்த்து ஊரறியத் திரையிட்டார்கள். எடுத்ததும் ஸ்டூடியோவின் ஆட்கள்தான், பல ஆண்டுகள் ரால்ஃப் ஸ்டாப் இயக்கினார். நட்சத்திரங்கள் கேமராவைப் பார்த்துச் சிரிப்பதையும் கையசைப்பதையும் கவனியுங்கள். விளம்பரம் என்று தெரிந்தே வந்து நின்றவர்கள் அவர்கள். அந்தக் கலைஞர்களைத் திருட்டுத்தனமாகப் படம்பிடித்ததாகச் சொல்வது நியாயமே இல்லை.

சந்தேகம் இருந்தால், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் வெளியிட்ட திரைப்படக் காப்புரிமைப் பட்டியலில் இந்த வரிசையின் பெயரைத் தேடுங்கள். இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் அந்தப் பட்டியல் இலவசமாகவே கிடைக்கிறது. சுற்றுகிற துண்டில், படத்தின் பெயரைக் காட்டும் தலைப்பு அட்டை இருக்காது.

படத்தை ரசியுங்கள். அந்தக் குறிப்போடு மட்டும் யாருக்கும் ஃபார்வர்ட் செய்ய வேண்டாம்.