கடைசிப் பக்கத்துத் தேதி

வீட்டுக் கடன் கேட்டுப் போன அன்று அந்த அதிகாரி என் ஃபைலைப் பொறுமையாகத்தான் பார்த்தார். சம்பள ஸ்லிப், பேங்க் ஸ்டேட்மென்ட், பழைய கடன்களைக் கட்டிய விவரம் இருக்கும் கிரெடிட் ரிப்போர்ட் என்று ஒவ்வொன்றாகப் புரட்டினார். எதிலும் குறை சொல்லவில்லை. அப்புறம் வேலை ஒப்பந்தத்தை எடுத்து, நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய், முடியும் தேதிக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு போட்டார். "பெர்மனென்ட் ஆனதும் வாங்க, பார்க்கலாம்" என்றார்.

அதே நிறுவனத்தில் அது எனக்கு ஏழாவது ஒப்பந்தம். ஆறு முறை புதுப்பித்திருக்கிறார்கள். அத்தனை வருடத்தில் சம்பளம் வராத மாதம் கிடையாது, நான் வாடகை கொடுக்காத மாதமும் கிடையாது. எல்லாம் அந்த ஸ்டேட்மென்டிலேயே இருந்தது. ஆனால் பென்சில் கோடு விழுந்தது ஒரு தேதிக்குக் கீழேதான்.

வங்கியின் பயம் அர்த்தமில்லாதது என்று சொல்ல மாட்டேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது புரியும். 6% வட்டியில் 20 வருடக் கடன் என்றால், முதல் தவணையில் கிட்டத்தட்ட 70% வட்டிக்கே போய்விடும். இரண்டு வருடம் ஒழுங்காகக் கட்டினாலும் அசலில் ஐந்தரை சதவீதம்தான் குறைந்திருக்கும். வட்டி 8% ஆனால் முதல் தவணையில் 80% வட்டிதான். ஆக, ஒருவருக்கு இரண்டாம் வருடம் வேலை போனால் ஏறக்குறைய முழுக் கடனும் அப்படியே நிற்கும். ஒரு வருட ஒப்பந்தத்தை நம்பி 20 வருடக் கடன் கொடுக்க யாருமே யோசிப்பார்கள்தான்.

சரி, பெர்மனென்ட் வேலையில் இருப்பவருக்கு மட்டும் 20 வருட உத்தரவாதம் எங்கே இருக்கிறது? பல தனியார் நிறுவனங்களில் அவர் கையில் இருக்கும் உறுதி நோட்டீஸ் காலம்தான். ஒரு மாதம், இரண்டு மாதம், போனால் மூன்று மாதம். ஆட்குறைப்பு வந்தால் 'பெர்மனென்ட்' என்ற சொல் யாரையும் காப்பாற்றுவதில்லை. என் ஒப்பந்தத்தையும் இடையில் முறிக்க முடியும், அதை மறுக்கவில்லை. ஆனால் நேற்று சேர்ந்து ப்ரொபேஷன் முடித்தவருக்குக் கிடைக்கும் நம்பிக்கை, ஏழு வருடம் தொடர்ந்து சம்பாதித்தவருக்கு இல்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கடனை அடைக்கப்போவது மாதா மாதம் வரும் பணம். அப்படியானால் அந்தப் பணம் இதுவரை எப்படி வந்தது என்பதைத்தானே முதலில் பார்க்க வேண்டும்?

இது நடக்காத காரியம் இல்லை. பிரிட்டனில் சில கடன் நிறுவனங்கள், ஒப்பந்தக்காரரின் ஒரு நாள் கூலியை ஐந்தால் பெருக்கி, வருடத்துக்கு 46 அல்லது 48 வாரம் என்று வைத்து ஆண்டு வருமானத்தைக் கணக்கிடுகின்றன. இடையில் வேலை இல்லாத வாரங்கள் வரும் என்பதை அந்தக் கணக்கே ஒப்புக்கொள்கிறது. நெதர்லாந்தில், வேலையும் நிறுவனத்தின் நிலைமையும் இப்படியே இருந்தால் இவரை நிரந்தரமாக்கும் எண்ணம் இருக்கிறது என்று முதலாளி ஒரு கடிதம் கொடுத்தால், கடன் கொடுப்பவர்கள் அதைக் கணக்கில் எடுக்கிறார்கள். அது இல்லாதவர்களுக்குக் கடந்த மூன்று வருட வருமானத்தின் சராசரியைப் பார்க்கும் முறையும் அங்கே உண்டு. 2023இல் பிரிட்டனின் ஸ்கிப்டன் பில்டிங் சொசைட்டி என்ற கடன் நிறுவனம், தவறாமல் வாடகை கட்டியதையே சான்றாக ஏற்கும் ஒரு வீட்டுக் கடனைக் கொண்டுவந்தது. வாடகையை ஒருவர் ஒழுங்காகக் கட்டினார் என்பதைவிட நேரடியான சான்று வேறென்ன இருக்கிறது?

என் மாதிரி ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு, நான் தாமதமாகத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். புதுப்பித்த கடிதம் ஒவ்வொன்றையும் பத்திரமாக வையுங்கள், மின்னஞ்சலாக வந்திருந்தாலும் சரி. ஒப்பந்தம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போது விண்ணப்பிக்காதீர்கள். புதுப்பித்த கையோடு போங்கள். கோபத்தில் நான்கைந்து இடங்களில் ஒரே நேரத்தில் விண்ணப்பித்துவிடாதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் வங்கி செய்யும் விசாரணை கிரெடிட் ரிப்போர்ட்டில் பதிவாகும், அடுத்தவர் அதைப் பார்த்துத் தயங்குவார். விண்ணப்பிக்கும் முன்பே, ஒப்பந்த ஊழியர்களுக்கு உங்கள் விதி என்ன, எத்தனை வருட வரலாறு வேண்டும் என்று வாயால் கேட்டுவிடலாம். அதற்குப் பதிவு எதுவும் கிடையாது.

இன்னொன்று. இதை யாருமே எனக்குச் சொல்லவில்லை. வேலை போனால் தவணையைக் கட்டும் என்று சொல்லிக் கடனோடு சேர்த்து விற்கும் காப்பீடு இருக்கிறதே, அதன் விதிகளை வரி வரியாகப் படியுங்கள். ஒப்பந்தக் காலம் இயல்பாக முடிவதைப் பல பாலிசிகள் வேலை இழப்பாகவே கருதுவதில்லை. நமக்கு வரக்கூடிய ஆபத்தே அதுதான். அதற்குத்தான் அங்கே பணம் கிடையாது. அதனால் ஆறு மாதத் தவணையாவது தனியாகக் கையில் இல்லாமல் இந்தக் கடனுக்குள் போகாதீர்கள். வங்கி கொடுக்கச் சம்மதித்தாலும் போகாதீர்கள்.

இந்த முறை எச்.ஆரிடம் ஒரு கடிதம் கேட்டிருக்கிறேன். எந்த வருடத்திலிருந்து இங்கே வேலை செய்கிறேன், எத்தனை முறை புதுப்பித்தார்கள், மீண்டும் புதுப்பிக்கும் எண்ணம் உண்டா என்று மட்டும் எழுதித் தரச் சொன்னேன். "இதற்கு நம்மிடம் ஃபார்மட் இல்லையே" என்றார்கள். நானே எட்டு வரியில் எழுதி அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து நேற்றுதான் கையெழுத்தாகி வந்தது. பழைய ஆறு புதுப்பிப்புக் கடிதங்களுக்கும் மேலே, ஃபைலின் முதல் பக்கமாக அதை வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை வேறொரு வங்கிக்குப் போகிறேன்.