பாதாம் டப்பாவுக்கு ஒரு டெம்போ டிராவலர்

டிசம்பர் லீவுக்கு ஊருக்கு டிக்கெட் போட உட்கார்ந்திருக்கும் எல்லாருக்கும் சொல்கிறேன். விலையைப் பார்ப்பதற்கு முன்னால், பயணத்தின் கடைசிக் கட்ட விமானத்தில் ஆளுக்கு எத்தனை கிலோ விடுவார்கள் என்று பாருங்கள். நான் பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் டிக்கெட் போடுவது என் இலாகா, பத்து வருஷமாக நான்தான் போடுகிறேன், அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அது போன பயணத்தில், விடிகாலை ஐந்து மணிக்கு, சென்னை விமான நிலையத்தின் உள்நாட்டு கவுண்டரில் வைத்து இறங்கியது.

நியூஜெர்சியிலிருந்து மதுரைக்கு நாலு பேர். ஒரே டிக்கெட்டாகப் போட்டால் ஒரு விலை காட்டியது. நெவார்க்–சென்னை தனியாக, சென்னை–மதுரை தனியாக இரண்டு டிக்கெட் போட்டால் ஆளுக்கு 60 டாலர் குறைந்தது. நாலு பேருக்கு 240 டாலர், ரூபாயில் இருபதாயிரம் பக்கம். உடனே போட்டுவிட்டு வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொன்னேன். "லக்கேஜ் பார்த்தியா?" என்று மட்டும் கேட்டார். பார்த்தேன் என்றேன். பார்த்தது முதல் டிக்கெட்டில்.

அமெரிக்காவிலிருந்து கிளம்பும் விமானங்களில் பெரும்பாலும் எண்ணிக்கைக் கணக்கு. ஆளுக்கு இரண்டு பெட்டி, ஒவ்வொன்றும் 23 கிலோ. வளைகுடாவிலிருந்து, சிங்கப்பூரிலிருந்து வருபவர்களுக்கு அநேகமாக எடைக் கணக்கு, மொத்தம் 30 கிலோ என்றால் அதை இரண்டாக எப்படிப் பிரித்துக் கட்டினாலும் கவலையில்லை. நமக்கு அப்படி இல்லை. ஒன்று 25, இன்னொன்று 21 என்றால் கூட்டிப் பார்த்து விட்டுவிட மாட்டார்கள், 25-ஐத் திறக்கச் சொல்வார்கள். தரையில் உட்கார்ந்து, பின்னால் நூறு பேர் பார்க்க, உள்ளாடைக்கு நடுவிலிருந்து சாக்லேட் பாக்கெட்டை உருவி அடுத்த பெட்டிக்கு மாற்றுகிற அந்தக் காட்சியைப் பார்க்காத நெவார்க் கவுண்டர் இருக்காது.

அதனால் எங்கள் வீட்டில் ஒரு வாரமாக எடை போடும் திருவிழா. கொக்கித் தராசில் பெட்டியை மாட்டி வீட்டுக்காரர் தம் கட்டித் தூக்குவார், பெரியவன் குனிந்து நம்பரைப் படிப்பான். 23.4. ஒரு ஷாம்பூ வெளியே. 22.9. ஒரு சாக்ஸ் உள்ளே. இதில் வேடிக்கை, அந்த 28 இன்ச் பிளாஸ்டிக் பெட்டி காலியாகவே ஐந்து கிலோ. 23-இல் ஐந்தைப் பெட்டிக்கே கொடுத்துவிட்டு மிச்சம் பதினெட்டுக்கு மல்லுக்கட்டுகிறோம். அட்டைப்பெட்டிதான் புத்திசாலித்தனம் என்று இப்போது நினைக்கிறேன். 18-க்கு 18-க்கு 24 இன்ச் பெட்டி வீடு மாற்றுகிறவர்களுக்கு விற்கும் கடையில் சில டாலருக்குக் கிடைக்கிறது, மூன்றையும் கூட்டினால் 60, விமானத்தில் விடுவது 62. எடை ஒரு கிலோவைச் சுற்றித்தான். வளைகுடாவிலிருந்து கயிறு கட்டிய அட்டைப்பெட்டியோடு இறங்குபவர்களைப் பார்த்து நாம் சிரித்திருக்கிறோம். அவர்கள்தான் கணக்குத் தெரிந்தவர்கள்.

சரி, சென்னைக்கு வருவோம். சுங்கத்தைத் தாண்டி எட்டுப் பெட்டிகளையும் மூன்று டிராலியில் ஏற்றி, தூங்கி விழும் சின்னவளை ஒரு பெட்டி மேலேயே உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு உள்நாட்டுப் பக்கம் போனோம். கவுண்டரில் இருந்த பெண் எட்டையும் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "மேம், ஆளுக்கு பதினஞ்சு கிலோதான்." நான் நெவார்க் டிக்கெட்டைக் காட்டினேன். அது வேற பி.என்.ஆர்., வேற புக்கிங் மேம் என்றாள், ரொம்ப மரியாதையாகவே. எங்களிடம் இருந்தது 182 கிலோ. நாலு பேருக்கு 60. மீதி 122. கிலோவுக்கு 550 ரூபாய். அவள் கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டினாள்: 67,100.

வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

ஒரே டிக்கெட்டாக இருந்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. அமெரிக்காவில் தொடங்கும் அல்லது முடியும் பயணம் ஒரே டிக்கெட்டில் இருந்தால், கிளம்பும் இடத்தில் என்ன பெட்டிக் கணக்கோ அதுவேதான் கடைசி ஊர் வரை. அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் விதியே அது. நடுவில் விமான நிறுவனம் மாறினாலும், கடைசியில் 70 பேர் உட்காரும் குட்டி விமானம் வந்தாலும் இரண்டு பெட்டி இரண்டு பெட்டிதான். இந்தியாவில் முதலில் இறங்கும் ஊரில் பெட்டியை எடுத்துச் சுங்கத்தைத் தாண்டி மறுபடி போட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். டிக்கெட்டைப் பிரித்த நிமிஷம் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும் அப்படித்தான், இரண்டாவது நிறுவனத்துக்கு நீங்கள் நேரத்துக்கு வராத ஒரு ஆள், வேறொன்றுமில்லை. அந்த 60 டாலரை எனக்கு யாரும் தள்ளுபடியாகக் கொடுக்கவில்லை, அது ஒரு இன்சூரன்ஸை நானே ரத்து செய்த காசு.

தேடும் தளங்கள் இதைத் தெளிவாகச் சொல்வதில்லை என்பது என் கோபம். விலை இத்தனை பெரிய எழுத்தில், பெட்டி விவரம் ஒரு அம்புக்குறியை அழுத்தி, இன்னொன்றை அழுத்தி, அதற்கும் கீழே. இப்போது போதாக்குறைக்கு பெட்டியே இல்லாத "லைட்" டிக்கெட் வேறு. மலிவாக இருக்கிறதே என்று போட்டால் பெட்டிக்குத் தனியாகக் கட்டணம், அதையும் விமான நிலையத்தில் போய்க் கட்டினால் இன்னும் அதிகம்.

கடைசியில் டாக்சி கவுண்டரில் விசாரித்து ஒரு டெம்போ டிராவலர் பிடித்தோம். 24,000 ரூபாய். மதுரை விமான டிக்கெட் நாலும் வீண். மிச்சம்பிடித்த இருபதாயிரம் செங்கல்பட்டு தாண்டுவதற்குள் கரைந்துவிட்டது. பின் சீட் முழுக்கப் பெட்டி, மிச்சம் கேரியரில், அதன் மேல் தார்ப்பாய். "அக்கா, கல்லு ஏத்திட்டு வந்தீங்களா?" என்றார் டிரைவர் தம்பி. விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர், திருச்சி, மேலூர். 460 கிலோமீட்டர், ஒன்பது மணி நேரம். பிள்ளைகளுக்கு மட்டும் கொண்டாட்டம், உளுந்தூர்பேட்டை பக்கம் சாப்பிட்ட பொங்கல் வடையைப் பற்றி இன்னும் பேசுகிறார்கள்.

அப்படிச் சுமந்து வந்ததில் என்ன இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அதுதான் பெரிய வெட்கம். பாதாம் மட்டும் ஆறு டப்பா. மதுரை கீழமாசி வீதியில் கடைக்குக் கடை "கலிஃபோர்னியா பாதாம்" என்று அட்டையில் எழுதிக் குவித்து வைத்திருக்கிறான். அமெரிக்காவுக்கு வெளியே கலிஃபோர்னியா பாதாமை அதிகம் வாங்குவது இந்தியாதான். அப்பா ஒரு பருப்பை எடுத்துக் கடித்துவிட்டு, "இங்கயும் இதேதாம்மா" என்றார். சாக்லேட், லோஷன், விட்டமின் மாத்திரை, எல்லாம் அப்படித்தான். எங்கள் துணிமணி இரண்டு பெட்டிதான் இருக்கும். ஒன்றரைப் பெட்டி மற்றவர்கள் கொடுத்தனுப்பிய பார்சல், "ரெண்டு கிலோதான் இருக்கும்" என்று வந்து தராசில் 3.7 காட்டிய வகை. இனிமேல் பார்சல் வாங்குவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன், கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளலாம். நீயே கட்டினாயா என்று கவுண்டரில் கேட்கும்போது நான் ஆமாம் என்று பொய் சொல்ல வேண்டியிருக்கிறது, போன தடவை ஒரு பார்சலுக்குள் பவர் பேங்க் இருந்தது, அது பெட்டிக்குள் போகவே கூடாத பொருள்.

இந்த வருஷம் மதுரை வரை ஒரே டிக்கெட், ஒரே பி.என்.ஆர். ஆளுக்கு 75 டாலர் கூடத்தான் ஆயிற்று, வாயை மூடிக்கொண்டு போட்டேன். கொழும்பு வழியாக மதுரைக்கே வருவதையும் பார்த்தேன், உள்நாட்டு விமானமே கிடையாது, சுங்கமும் மதுரையிலேயே முடிந்துவிடும், ஆனால் நியூஜெர்சியிலிருந்து நேரம் சரிப்படவில்லை. லண்டன்காரர்களுக்குத் தோதாக இருக்கும். திருச்சி, தஞ்சாவூர்க்காரர்கள் சென்னையை மறந்துவிட்டு சிங்கப்பூர் வழியாகத் திருச்சிக்கே ஒரே டிக்கெட் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எட்டுப் பெட்டிக்கு அனுமதி இருக்கிறது, ஐந்துதான் கட்டுவது என்று வீட்டில் தீர்மானம். நேற்று அம்மாவிடம் போனில் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், "அப்ப திரும்பிப் போறப்ப எதுலடி கொண்டு போவ?" என்கிறாள். அந்தப் பாதாம் டப்பா ஆறிலும் வடகம், மோர்மிளகாய், பருப்புப்பொடி எல்லாம் போட்டு மூடி வைத்தாயிற்றாம். ஒரு டப்பா இரண்டரைக் கிலோ வருகிறதாம், அப்பா பக்கத்து மளிகைக் கடையில் கொண்டுபோய் நிறுத்துப் பார்த்திருக்கிறார்.